அம்மாவின் கம்ப்யூட்டரும் சிவப்பு எழுத்தும்

பயாஸ் போய்விட்ட போர்டை என் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் வாசற்படியிலேயே ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். “நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா போயிடுச்சு.” நான் சிரித்துக்கொண்டே போர்டை வாங்கி வைத்துக்கொள்வேன். இந்த ஊரில் அந்தப் பொய்யை முதன்முதலில் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் செத்த மதர்போர்டை எழுப்பித் தருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தற்பெருமை என்றால் தற்பெருமைதான், ஆனால் பொய் இல்லை. நான் முதலில் எழுப்பிய போர்டு, நானே கொன்ற போர்டு.

பயாஸ் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். காலையில் கண் விழித்ததும் நாம் யார், இது எந்த வீடு, பல்பொடி எந்த மாடத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? கம்ப்யூட்டருக்கு அந்த நினைவு, போர்டில் எட்டுக் காலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன சிப்பில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும்போது பழையதை அழித்துக்கொண்டேதான் புதியதை எழுதும். பாதியில் மின்சாரம் போனால் பழைய நினைவும் இல்லை, புதிய நினைவும் இல்லை. காத்தாடி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். தான் யார் என்பது அதற்கே தெரியாது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் பெரியப்பா, இன்னொன்றில் அப்பா. அப்பா அண்ணன் பேச்சைத் தாண்டாதவர், அதனால் இந்தக் கதையில் அவருக்குப் பெரிதாக வேலை இல்லை. பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பா எங்களோடுதான் இருந்தார். கூடத்தை ஒட்டிய சின்ன அறை அம்மாவுடையது. அங்கேதான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது.

அம்மா சேலைக்கு டிசைன் போடுகிறவள். கரைக்கும் முந்திக்கும் வேண்டிய உருவங்களையும், சேலை உடலில் தனித்தனியாக வரும் புட்டாக்களையும் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்துத் தறியில் ஏற்றுவார்கள். முதலில் கிராப் தாளில் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு வருடம் சீட்டுக் கட்டி இந்தக் கம்ப்யூட்டரையும் டிசைன் சாப்ட்வேரையும் வாங்கினாள். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “கையில வராததா பொட்டியில வரப்போவுது? சரி, வாங்கிக்கோ. ஆனா ரிப்பேர் ஆச்சின்னா அதோட வுட்டுடணும், அத்த தூக்கிக்கினு அலையக் கூடாது” என்று ஒரு நிபந்தனை போட்டார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள். இரண்டே வருடத்தில் ஜவுளிக்கடைக்காரர்கள் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ‘அந்தம்மா இருக்காங்களா’ என்று கேட்கும்படி செய்தாள். அதுவரை அந்த வாசலில் பெரியப்பாவைத்தான் கேட்பார்கள்.

அந்த சாப்ட்வேரில் ஒரு வம்பு இருந்தது. அந்த ஒரு போர்டில் மட்டும்தான் அது திறக்கும். போர்டின் சிப்புக்குள் இருக்கும் ஓர் எண்ணைப் பார்த்து, சரியாக இருந்தால்தான் கதவைத் திறக்கும். விற்ற ஆசாமியோ கடையை மூடிக்கொண்டு எங்கேயோ போய்விட்டிருந்தார். ஆக, போர்டு போனால் சாப்ட்வேர் போச்சு. சாப்ட்வேர் போனால் அம்மா அதுவரை போட்ட அத்தனை டிசைனும் பூட்டிய பெட்டிக்குள். அந்த மாதம் அம்மா ஒரு கல்யாணச் சேலைக்கு யாளி வரிசை போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வார உழைப்பு. யாளிக்கு வால் மட்டும் பாக்கி.

இனி என் மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்கு வந்தால் பஜ்ஜி, போகும்போது அறிவுரை. பெரிய முந்தி டிசைனைத் திறந்தால் அம்மாவின் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ வேகமான பிராசசர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் போர்டு ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான பைலை ஒரு பென்டிரைவில் போட்டு அம்மாவின் மேசையில் வைத்தார். “ஞாயித்துக்கெழம வந்து நான் பண்றேன், யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, குறிப்பாக என்னைப் பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது.

எனக்கு அப்போதே அந்தக் கம்ப்யூட்டரில் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. மாமா லேபில் இதே வேலையைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாலு நிமிட வேலை. ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே போய், பென்டிரைவைக் காட்டி, ‘ஆமாம்’ என்று இரண்டு தடவை சொன்னால் தீர்ந்தது. இதற்குப் போய் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதா? மாமா வரும்போது “அப்பவே முடிச்சிட்டேன் மாமா” என்று சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

நான் தேர்ந்தெடுத்த நாள், எங்கள் தெருவுக்குள் சாமி வரும் நாள். ஏன் என்றால் அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாரும் வாசலில் இருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சாமி தெருவுக்குள் திரும்பும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். குடை உயரம், கம்பி தாழ்வு, அதனால். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். மின்சாரம் போனாலும் மேசைக்கடியில் இருக்கும் யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம் தாங்கும், வேலை நாலு நிமிடம், ஆறு நிமிடம் மிச்சம். என் கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், என் கணக்கில் தப்பே இல்லை.

நான் கணக்கில் சேர்க்காதது பெரியப்பாவை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாமி தெருவுக்குள் வந்துவிட்டால் தறியில் கை வைக்கக் கூடாது. தறி மட்டுமில்லை, வீட்டுக்குள் எந்த இயந்திரமும் சத்தம் போடக் கூடாது. மிக்ஸி, டிவி, ரேடியோ எல்லாம் நின்றுவிட வேண்டும். சாமி தாண்டிப் போன பிறகுதான், ஊடுநூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவைத் தொடுவார்கள். பெரியப்பா அதில் கறார். ஒரு வருடம் குழாயைச் சரியாக மூடாமல் தண்ணீர் சொட்டியதற்கே அப்பாவை முறைத்தவர்.

மேளச் சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்டது. எல்லாரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் பென்டிரைவைச் சொருகி, உள்ளே போய், ‘ஆமாம்’ என்று இரண்டு தடவை சொன்னேன். திரையின் நடுவில் ஒரு பட்டை மெல்ல நிரம்பத் தொடங்கியது. அதற்குக் கீழே, கட்டை கட்டையான பெரிய ஆங்கில எழுத்தில், சிவப்பாக ஒரு வரி: மின்சாரத்தை நிறுத்தாதே. பட்டை கால்வாசி நிரம்பியிருந்தபோது அம்மா வாசலிலிருந்து கற்பூரத் தட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலை எட்டவும் தெருவில் மின்சாரம் நிற்கவும் சரியாக இருந்தது. நான் பதறவில்லை. யுபிஎஸ் இருக்கிறதே.

யுபிஎஸ் இருந்தது. ஆனால் மின்சாரம் போனால் அது சும்மா இருக்காது, கத்தும். சாமி எங்கள் வாசலில் வந்து நின்றார். நாதஸ்வரம் ஒரு மூச்சு நின்றது. தெருவே கைகூப்பி நிற்கும் அந்த அமைதியில் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ‘கீய்ங், கீய்ங்’ என்று அந்தச் சனியன் அழுவது தெருவுக்கே கேட்டது. பல்லக்குத் தூக்கிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா முகம் சிவந்து விறுவிறுவென்று உள்ளே போனார். என் கையில் எரிகிற கற்பூரம், அதைப் போட்டுவிட்டு ஓட முடியாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரியப்பா திரைக்கு முன்னால் நின்று, அந்தச் சிவப்பு வரியையே ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கடியில் யுபிஎஸ்ஸை ஒரே அழுத்து. சத்தம் நின்றது. வெளியே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

மின்சாரம் வந்ததும் நைசாகப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். காத்தாடி சுற்றியது. திரை கறுப்பு. மறுபடி அழுத்தினேன். கறுப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்து, சாமிக்குப் படைத்த சுண்டலைத் தின்றுவிட்டு நல்ல பிள்ளையாகப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன். மதியம் அம்மா யாளி வாலை முடிக்க உட்கார்ந்தாள். அவள் பொத்தானை ஆறு தடவை அழுத்துவது கேட்டது. பிறகு என்னைப் பார்த்து, “தொட்டியா?” என்றாள்.

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா போயிடுச்சு.”

அம்மா சொல்லி அனுப்ப, சாயந்திரம் மாமா வந்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டவர், சொருகியபடியே இருந்த பென்டிரைவை உருவி எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதுபோல நான் உடனே மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டேன். மாமா விடவில்லை. மின்சாரம் போனால் யுபிஎஸ் தாங்கியிருக்குமே என்றார். என் காது அவர் கையில் இருந்தது, அம்மாவின் குட்டு தலைக்கு மேல் காத்திருந்தது. அப்போது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

“பெரியப்பாதான் ஆஃப் பண்ணாரு. ஆஃப் பண்ணாதன்னு செவப்பு எழுத்துல பெரிசா போட்டு இருந்துச்சு. நின்னு பார்த்துட்டு, வேணும்னே ஆஃப் பண்ணாரு. நான் ஜன்னல் வழியா பார்த்தேன்.”

கூடத்தில் தறிச் சத்தம் நின்றது. பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அம்மா அறை வாசலுக்கு வந்து நின்றாள். அவருக்கு நேராக நின்று அவள் பேசி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“பார்த்துட்டேவா ஆஃப் பண்ணீங்க?”

பெரியப்பா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். “ஆமாம்மா. பார்த்தேன். நாந்தான் ஆஃப் பண்ணேன்” என்றார். அவ்வளவுதான். சாமி நின்றதைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். என் காது விடுபட்டது. தலைக்கு மேலிருந்த குட்டும் ஆறிப்போனது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் பார்த்ததைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காதே. வாசலில் அம்மாவைக் கேட்டு ஆட்கள் வருவது பொறுக்காமல் சமயம் பார்த்துச் செய்துவிட்டார் என்று நான் மனதார நம்பினேன். அம்மாவும் நம்பினாள்.

அன்றிலிருந்து அம்மா பெரியப்பாவோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு என் கையில்தான் போகும். “உங்க பெரியப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு” என்பாள், அவர் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அவரும் என்னிடமே பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி மாதிரி போய் வந்துகொண்டிருந்தேன். கல்யாணச் சேலைக்காரர் யாளி எங்கே என்று ஆள் அனுப்பினார். மறுபடி கிராப் தாளில் முதல் கட்டத்திலிருந்து தொடங்க அம்மா பென்சில் சீவினாள். சீவிக்கொண்டே இருந்தாள், போடவில்லை. ‘ரிப்பேர் ஆச்சின்னா அதோட வுட்டுடணும்’ என்ற பேச்சு வீட்டில் எல்லாருக்கும் நினைவிருந்தது. யாரும் அதை வாயால் சொல்லவில்லை.

மாமா இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தார். எல்லாரும் போர்டை மாற்றச் சொன்னார்கள். மாற்றினால் சாப்ட்வேர் திறக்காது. சிப்பின் மேல் கிளிப் போட்டு நேராக எழுத ஒரு குட்டிக் கருவி இருக்கிறது, அது சென்னையில் கிடைக்கும், அடுத்த மாதம் போகும்போது பார்க்கலாம் என்றார். மறுநாள் விடியற்காலையில் மாமா வீட்டு வாசலில் பெரியப்பா வெள்ளை வேட்டியோடு நின்றாராம். “வாப்பா, இன்னிக்கே போயி வாங்கியாந்துடலாம்.” பாதி நெய்த சேலையைத் தறியில் விட்டுவிட்டு வெளியூர் போகாதவர். அன்றைக்குப் போனார். கட்டை விரல் அளவுக் கருவியை மஞ்சள் பையில் போட்டு, திரும்பி வரும் வரை மடியை விட்டு இறக்கவில்லை என்று மாமா சிரித்துச் சிரித்துச் சொன்னார். குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் தீர்ப்பு எழுதினேன். பதினொரு வயது நீதிபதிக்குச் சந்தேகமே வரவில்லை.

மாமா முதலில் சொன்ன ஞாயிறு போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. மாமா போர்டைக் கழற்றி மேசை மேல் வைத்து, காசு போலிருந்த பேட்டரியை எடுத்துவிட்டார். சிப்பின் ஒரு மூலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் புள்ளிப் பக்கம் வர வேண்டும், திருப்பிப் போட்டால் சிப்பு கருகிவிடும் என்றார். பக்கத்தில் ஒரு பெரிய பாகம் இடித்ததால் கிளிப் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி வந்தது. மாமாவின் விரல்கள் தடிமன், வியர்வை வேறு. நான் கையை நீட்டினேன். அவர் முறைத்தார். அம்மா, “அவளே புடிக்கட்டும். பண்ணவதானே” என்றாள்.

பிடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிடித்தது பிடித்தபடி இருந்தேன். சிப்பில் மிச்சமிருப்பதை முதலில் லேப்டாப்பில் படித்து எடுக்க வேண்டும். இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கிளிப் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மாமா பிடித்தபோது ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நான் பிடித்த பிறகு இரண்டும் அப்படியே ஒன்று. இன்றைக்கும் என் கடையில் ஒரு தடவை படித்ததை நான் நம்புவதில்லை. ஒருவர் ஒரு தடவை சொன்னதையும்தான்.

அடுத்துதான் சிக்கல். மாமா கொண்டுவந்த புதிய பைலை அப்படியே எழுதினால் போர்டு எழுந்துவிடும். ஆனால் சாப்ட்வேர் தேடுகிற எண் அந்த பைலில் கிடையாது. அது இந்தச் சிப்பில், பாதி அழிந்த இந்தக் குப்பைக்குள் எங்கேயோ இருக்கிறது. போர்டின் மேல் ஒட்டியிருந்த எண்ணை மாமா தேடிப் பார்த்தார், சிக்கவில்லை. வேறு ஏதோ உருவத்தில் எழுதியிருக்கிறது என்றார். லேப்டாப் திரை முழுக்க வரி வரியாக, வரிக்குப் பதினாறு கட்டம், கட்டத்துக்கு இரண்டு எழுத்து. இப்படி ஆயிரக்கணக்கான வரி. மாமா கையை விரித்துவிட்டார்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிப்பில் படித்ததை இடது பக்கமும் புதிய பைலை வலது பக்கமும் வைக்கச் சொன்னாள். எழுதாத இடத்தில் எல்லாம் ஒரே எழுத்து நிரம்பியிருந்தது. “இது காலிக் கட்டமா?” என்று மட்டும் கேட்டாள். மாமா ஆமாம் என்றார். கிராப் தாளில் ஒரு கட்டம் தப்பிப் போயிருந்தால் ஒரு முழ தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது. உருட்டிக்கொண்டே போனாள். சிப்பில் கொஞ்ச தூரம் புதியது, அதற்குப் பிறகு காலி, அதற்குப் பிறகு பழையது என்று அவளாகவே பிரித்துச் சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்து விரல் ஓரிடத்தில் நின்றது. வலது பக்கம் மொத்தமும் காலி. இடது பக்கம், அந்தக் காலிக்கு நடுவில் மூன்றே மூன்று வரி.

“இத்த பாரு. வெத்துத் தரையில ஒத்தப் புட்டா மாதிரி இருக்குது. இது மெஷின்காரங்க எல்லாத்துக்கும் பொதுவா போட்டது இல்ல, இதுக்குன்னு தனியா போட்டது.”

மாமா அந்த மூன்று வரியையும் எடுத்துப் புதிய பைலில் அதே இடத்தில் ஒட்டினார். இனி எழுத வேண்டியதுதான். நான் மறுபடி கிளிப்பைப் பிடித்தேன். அப்போதுதான் கவனித்தேன், பெரியப்பா தறியை விட்டு எழுந்து போய் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் மெயின் சுவிட்ச் பக்கம் வந்துவிடக் கூடாதாம். லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, மின்சாரம் போனாலும் ஒன்றுமில்லை என்று மாமா சொல்லிப் பார்த்தார். அவர் நகரவில்லை. எட்டு நிமிடம். என் கை மரத்துப் போனது, ஓர் ஈ மூக்கில் வந்து உட்கார்ந்தது, நான் அசையவில்லை. பெரியப்பாவும் அசையவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

எழுதி முடிந்தது. மாமா எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தார். பேட்டரியைப் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, பொத்தானை அழுத்தினார். காத்தாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். ஏழில் ‘பீப்’ என்று ஒரு சத்தம். திரையில் வெளிச்சம் வந்தது. அம்மா சாப்ட்வேரைத் திறந்தாள். எந்தக் கேள்வியும் கேட்காமல் அது கதவைத் திறந்தது. வால் இல்லாத யாளிகள் வரிசையாக நின்றன.

அம்மா திரும்பி மீட்டர் பெட்டிப் பக்கம் பார்த்தாள். “போதும், வந்து உக்காருங்க. காப்பி போடறேன்” என்றாள். எட்டு நாளைக்குப் பிறகு தபால்காரி இல்லாமல் போன முதல் பேச்சு. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேகமான பிராசசரை யாரும் மாட்டவில்லை, அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அது இன்னும் என் கடை மேசை டிராயரில் கிடக்கிறது.

இதுவரை சொன்னதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், மார்தட்டிக்கொண்டே. மிச்சத்தை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது பெரியப்பாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் அதில் ஆங்கிலத்தில் ஏதோ வந்திருந்தது. “கண்ணாடி வெக்கல, இன்னான்னு பாரு பாப்பா” என்று நீட்டினார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர், தேவாரத்தைப் புத்தகம் பார்த்துத் தப்பில்லாமல் சொல்கிறவர். அவருக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எங்களுக்கெல்லாம் பெரியவர் என்று வாசலில் உட்கார்ந்திருந்த மனிதர், தம்பி பெண்டாட்டிக்கு முன்னால் ‘எனக்குப் படிக்க வராதும்மா’ என்று சொல்வதைவிட, ‘வேணும்னே செய்தவன்’ என்ற பேரை எட்டு நாள் சுமப்பது மேல் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால் இல்லை. எப்படிக் கேட்பது? கேட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது, கம்ப்யூட்டர் பிழைத்த அடுத்த வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். அன்று அம்மா யாளி டிசைனைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். அப்பாவும் இல்லை. பெரியப்பா என்னைத் தறிப் பக்கம் கூப்பிட்டு, பலகைக்கு அடியிலிருந்து மடித்து வைத்த ஒரு கிராப் தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்தார். அம்மா குப்பையில் போட்ட தாள்தான். அதில் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பி ஆங்கில எழுத்துகள் போட்டிருந்தார். ஒரு நொடி பார்த்த வரி. கட்டை கட்டையான அந்த எழுத்துகளை, புட்டாவை நினைவில் வைத்துக்கொள்வதைப் போல வைத்திருந்து, அப்படியே இறக்கியிருந்தார். ஓர் எழுத்தின் குறுக்குக்கோடு மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கடைசியில் இரண்டு எழுத்து குறைந்தது.

“இதுல இன்னாம்மா எழுதி இருக்குது?”

பெரியவர்கள் இப்படிக் கேட்டால் பரீட்சை வைக்கிறார்கள் என்றுதான் எங்களுக்கெல்லாம் அர்த்தம். நான் பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றேன். முதலில் அவர் கையிலிருந்த சிவப்புப் பென்சிலைப் பிடுங்கி, சாய்ந்த கோட்டைத் திருத்தி, விட்டுப்போன இரண்டு எழுத்தையும் சேர்த்தேன். “எழுத்து தப்பு பெரியப்பா” என்று சொல்லி, பத்துக்கு எட்டு மார்க் என்று மூலையில் வேறு போட்டேன். பிறகு உரக்கப் படித்தேன். அதற்குத் தமிழும் சொன்னேன். “ஆஃப் பண்ணாதீங்கன்னு அர்த்தம்.”

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியா படிச்சனா பெரியப்பா?”

“சரியாத்தாம்மா இருக்கும்” என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாடாவை எடுத்தார்.

சரியாகப் படித்த பிள்ளையை ‘சரி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிப் பாராட்ட இந்த மனிதருக்கு வாய் வரவில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.